எல்லைக்கோட்டுக்கு வெளியே

நுழையும்முன்

ஆடுகளத்தின் உள்ளே நின்று விளையாடுபவர்களைப் பற்றிப் பல கட்டுரைகள் படித்திருப்பீர்கள். கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு கதை உண்டு. மகளை அவளுடைய முதல் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தப் புகுந்த தாய் ஒருவர், தாம் ஆயத்தமான கதையை இப்பாடத்தில் கூறுகிறார்.



நான் ஒரு தமிழாசிரியை. பிறந்தது காவிரிக் கரையில், திருவையாற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில். பணியாற்றுவதோ சத்தீசுகர் மாநிலத்தின் பிலாய் நகரில். மத்தியப் பள்ளியில் பணிபுரிவோர்க்கு ஊர் மாற்றம் என்பது பருவ மாற்றம் போன்றது. வரும் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. பதினான்கு ஆண்டுகளில் இது எனக்கு நான்காவது ஊர். என் மகளுக்கு மூன்றாவது பள்ளி. அவளுடைய தந்தை திருச்சிராப்பள்ளியில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் நாங்கள் அங்கே செல்வோம். இயலாதபோது அவர் இங்கே வருவார். மற்ற நாள்களில் இந்த வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

பிலாய் ஓர் எஃகு நகரம். சோவியத் நாட்டின் துணையோடு இங்கே இரும்பு எஃகு ஆலை அமைப்பதற்கு 1955இல் உடன்பாடு ஏற்பட்டது. 1959இல் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கியது. அந்த ஆலையை நம்பித் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், ஒடிசா, பீகார், வங்காளம், பஞ்சாப் என்று பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். ‘செக்டார்’ என்று எண்ணிட்டுப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகளில் ஒரே தெருவில் ஐந்து மொழிகளைக் கேட்கலாம். மாலை வேளையில் சமையலறைச் சன்னல்களின் வழியே வரும் தாளிப்பு மணத்தைக் கொண்டே எந்த வீட்டில் எம்மொழியினர் வாழ்கின்றனர் என்று சொல்லிவிடலாம்.

இந்நகரத்துச் சிறுமியர் கூடைப்பந்தை மிகவும் விரும்பி ஆடுகின்றனர். சத்தீசுகர்ப் பெண்கள் அணி தேசியப் போட்டிகளில் பெயர் பெற்ற அணி. மாலையில் எந்தத் திடலின் பக்கம் போனாலும், சிமெண்டுத் தரையில் பந்து மோதும் ‘டப், டப்’ என்னும் ஒலி காதில் விழும்.

என் மகள் எட்டாம் வகுப்பில் இங்கே சேர்ந்தபோது அவளுக்குத் தோழியர் எவரும் இல்லை. இடைவேளையில் தனியாக அமர்ந்து உணவுப் பெட்டியைத் திறந்து, தனியாகவே மூடிவிடுவாள். ஒருநாள் உடற்கல்வி ஆசிரியர் அவளைப் பார்த்து, “உயரமாக இருக்கிறாயே, மாலையில் கூடைப்பந்துப் பயிற்சிக்கு வா” என்றார். அவள் போனாள். ஒரு வாரம் கழித்து அவளுடைய உணவுப் பெட்டியில் எலுமிச்சைச் சோறு ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் திரும்பி வந்தது. “யார் சாப்பிட்டார்கள்?” என்று கேட்டேன். “அணியில் எல்லாரும்” என்றாள். அன்றே அந்த விளையாட்டுக்கு நான் நன்றிக்கடன் பட்டேன்.

டிசம்பர் மாதத்தில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுமியர்க்கான தொடர் போட்டி எங்கள் நகரில் தொடங்க இருந்தது. எட்டு அணிகள். ஞாயிறுதோறும் ஆட்டம். என் மகளின் பெயரும் பட்டியலில் இருந்தது.

நான் கற்ற பாடம்

கூடைப்பந்தைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. என் பள்ளிக் காலத்தில் நாங்கள் ஆடியது வளையப்பந்து. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக வீசி, ஒரு கையால் பிடிக்கும் ஆட்டம் அது. மகளை ஆயத்தப்படுத்த வேண்டுமென்றால் முதலில் நான் பாடம் படிக்க வேண்டும் அல்லவா? மகளே எனக்கு ஆசிரியை ஆனாள். சமையலறைத் தரையில் சாக்பீசால் ஆடுகளத்தை வரைந்தாள். புளியங்கொட்டைகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தினாள்.

இந்த விளையாட்டைத் தோற்றுவித்தவர் ஓர் ஆசிரியர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். வெளியே கடுங்குளிர். கூடத்துக்குள்ளேயே ஆடக்கூடிய ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை, கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் பொருத்தினார். அம்மாடம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அதே 10 அடி, அதாவது 3.05 மீட்டர், இன்றும் கூடையின் உயரமாக நீடிக்கிறது. பதின்மூன்று விதிகளை எழுதினார். பதினெட்டு மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடச் செய்தார். கூடைக்கு அடிப்பகுதி இருந்ததால், பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறி எடுக்க வேண்டியிருந்ததாம். அடுத்த ஆண்டிலேயே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, தம் கல்லூரிப் பெண்களுக்கும் இவ்விளையாட்டைக் கற்பித்தார்.

இன்று ஓர் அணிக்கு ஐவர் ஆடுகின்றனர். ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் துள்ளவிட்டவாறே ஓட வேண்டும். எதிரணியினரைத் தள்ளினாலோ கையில் அடித்தாலோ அது ‘ஃபவுல்’. ஒருவர் ஐந்து முறை அப்படிச் செய்தால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவியாக விளங்கியவர் என்பதையும், 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது என்பதையும் மகள்தான் எனக்குச் சொன்னாள். “நம் ஊர்க்காரர், அம்மா!” என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. தமிழ்நாட்டில் அவள் தொடர்ந்து வாழ்ந்த காலம் மூன்று ஆண்டுகள்கூட இராது. ஆயினும் ‘நம் ஊர்’ என்றாள்.

ஆயத்தம்

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கடைக்குச் சென்று புதிய காலணி வாங்கினோம். அதைப் போட்டியன்று புதிதாக அணியட்டும் என்று பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தேன். பயிற்சியாளர் கேட்டுச் சிரித்தார். “பட்டுப் புடவையா இது, விசேட நாளுக்கு எடுத்து வைக்க? இன்றிலிருந்தே போட்டுக்கொண்டு ஓடட்டும். புதிய காலணியோடு ஆடினால் முதல் பத்து நிமிடத்தில் குதிகால் கொப்புளித்துவிடும்” என்றார். அவர் சொன்னது சரி. முதல் இரண்டு நாள் குதிகால் சிவந்தது. பத்தாம் நாள் காலணி காலோடு பழகிவிட்டது.

பின்பு சிறு சிறு வேலைகள். நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பந்தைப் பறிக்கும்போது பிறர் கையைக் கீறும். கூந்தலை இறுக்கிப் பின்ன வேண்டும். நகை எதுவும் அணியக் கூடாது என்பது விதி. வளையலைக் கழற்றுவது எளிதாக இருந்தது. தோட்டைக் கழற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. காதுகுத்து விழாவில் பாட்டி போட்ட தோடு அது. தொலைபேசியில் செய்தியைக் கேட்ட என் அம்மா, “வெறுங்காதோடா பிள்ளை வெளியே போகும்?” என்று வருந்தினார். “ஒரு மணி நேரம்தான் பாட்டி, ஆட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்வேன்” என்று பேத்தி உறுதி கூறிய பிறகே அமைதியடைந்தார்.

உணவைப் பற்றியும் யோசித்தோம். காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் என்றால் ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம் வேண்டா; இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். தண்ணீரை ஆட்டத்துக்குச் சற்றுமுன் மொத்தமாகக் குடிக்காமல், காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். குளிர்காலத்தில் தாகம் தோன்றாது. ஆனாலும் உடம்புக்கு நீர் தேவை.

இவையெல்லாம் கைக்கு எட்டிய ஆயத்தங்கள். மனத்தைப் பழக்குவதுதான் கடினம். அணியில் பன்னிருவர், களத்தில் இறங்குவோர் ஐவர். “முதலில் உன்னை இறக்காமல் போகலாம். நெடுநேரம் பலகையில் உட்கார நேரலாம். அப்போது என்ன செய்வாய்?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “என் இடத்தில் ஆடுகிறவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பேன்” என்றாள். நான் சொல்லிக் கொடுக்க நினைத்திருந்த விடையைவிட அது நன்றாக இருந்தது.

நடுவரின் ஊதலைப் பற்றியும் பேசினோம். புதிதாக ஆடும் பிள்ளைகள் ஊதல் ஒலி கேட்டவுடன் திட்டு வாங்கியதுபோல் கூனிக் குறுகிவிடுகிறார்கள். ஊதல் தண்டனை அன்று. ‘இங்கே நிறுத்து, மீண்டும் தொடங்கு’ என்பதே அதன் பொருள். இதைப் பத்து முறையேனும் அவளிடம் சொல்லியிருப்பேன். எனக்குள் ஓர் எண்ணம் வளர்ந்துகொண்டிருந்தது: ஆயத்தத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

முந்தைய இரவு

தொடர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. நான் கோட்டோரம் நின்றேன், நிற்க முடியாமல் நடந்தேன், நடந்தவாறே கத்தினேன். “ஓடு கண்ணு, ஓடு! இடப்பக்கம் பார்! பின்னால் வருகிறாள், பார்! பந்தை விடாதே!” வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அல்லவா? திடல் முழுவதும் கேட்டிருக்கும். அவள் ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் தோழி வீசிய பந்து அவள் தோளில் பட்டு வெளியே ஓடியது. “கவனம் எங்கே இருக்கிறது?” என்று அதற்கும் கத்தினேன்.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நான் வளையப்பந்தில் மாவட்ட அளவிலான போட்டிக்குத் தேர்வானேன். தஞ்சாவூரில் ஆட்டம். மற்ற பிள்ளைகளின் வீட்டார் சிலர் வந்திருந்தனர். என் அம்மா வரவில்லை. அது நடவுக் காலம். ஒருநாள் கூலியை விட முடியாது. தூக்குவாளியில் தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்து அனுப்பினார். அரையிறுதியில் தோற்று இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். வென்றாயா, தோற்றாயா என்று கேட்கவே இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தமாக இருந்தது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது விளையாடப் போனால் நான் அருகிலேயே இருப்பேன், ஒவ்வொரு கணமும் என் குரல் அதற்குக் கேட்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். முப்பது ஆண்டு கழித்துப் பிலாய்த் திடலில் நான் கத்தியது அந்த நினைப்பின் பயன்தான்.

போட்டிக்கு முந்தைய இரவு, பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு மகள் என் அருகில் வந்து நின்றாள். அவள் எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது.

“அம்மா, நாளை நீ வருவாய் அல்லவா?”

“வராமல் இருப்பேனா?”

“வா. ஆனால் தமிழில் கூப்பிடாதே.”

அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கி வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தமிழ் முதுகலை படித்தவள் நான். பிற மாநிலத்தில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்று ஊர் ஊராகச் சென்று கற்பிப்பவள். என் வீட்டுப் பிள்ளைக்கே தோழியர் முன்னிலையில் தமிழ் கேட்டால் வெட்கமா? நாக்கின் நுனிவரை ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டது. ‘நாளை அவளுக்கு ஆட்டம்’ என்ற நினைவு அதைத் தடுத்தது. “சரி, போய்த் தூங்கு” என்றேன். அவள் தூங்கிவிட்டாள். நான் நெடுநேரம் விழித்திருந்தேன்.

போட்டி நாள்

காலையில் பனி மூடியிருந்தது. ஸ்கூட்டரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சென்றோம். ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே திடலை அடைந்துவிட்டோம். உடம்பைச் சூடேற்ற நேரம் வேண்டும். அதைவிட, புதிய இடத்தைக் கண்ணால் பழகிக்கொள்ளவும் நேரம் வேண்டும். அவள் கூடையின் அடியில் சென்று நின்று அண்ணாந்து பார்த்தாள். பின்பு எறியும் கோடுகளின் மேல் மெல்ல நடந்தாள்.

நான் கோட்டிலிருந்து தள்ளி, சிமெண்டுப் படியில் அமர்ந்தேன். அணிப் பிள்ளைகளுக்காகக் கடலைமிட்டாய் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். வாய் திறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

முதல் பகுதி முழுவதும் மகள் பலகையில் இருந்தாள். இரண்டாம் பகுதியில் களத்தில் இறங்கினாள். இறங்கிய சிறிது நேரத்தில் பந்து அவள் கைக்கு வந்தது. பரபரப்பில் துள்ளவிட மறந்து மூன்றடி ஓடிவிட்டாள். ஊதல் ஒலித்தது. பந்து எதிரணிக்குப் போயிற்று. என் வாயில் கடலைமிட்டாய் நொறுங்கியது. அவள் கூனிக் குறுகுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ திரும்பி, தன் இடத்துக்கு விரைந்து ஓடினாள். அவ்வளவுதான்.

மௌனமாக இருந்ததால் சுற்றிலும் பார்க்க முடிந்தது. இந்தியிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் பெற்றோர் கூவிக்கொண்டிருந்தனர். “பாஸ் தே! பாஸ் தே!” என்று ஒருவர், “உயரே எறி!” என்று மற்றொருவர். ஆளுக்கொரு கட்டளை. களத்தில் பத்துப் பிள்ளைகள். வெளியே ஐம்பது பயிற்சியாளர்கள்! நடுவராக நின்றவர் இருபது வயது மதிக்கத்தக்க பெண். அவர் கொடுத்த ஒரு தீர்ப்பைப் பிடிக்காமல் ஒரு தந்தை கோடு வரை சென்று ஏசத் தொடங்கினார். ஆட்டம் நின்றது. பயிற்சியாளர் வந்து கைகூப்பி அவரை அழைத்துச் சென்றார். அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. அவருடைய மகள் காலணியின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தவள், ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரை நிமிரவே இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவளுடைய கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. இரண்டு வாரம் முன்பு, தோளில் பந்து பட்ட என் மகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தேன்.

கடைசிப் பகுதி. எங்கள் அணி 20 புள்ளி, எதிரணி 24 புள்ளி. மகள் கூடையை நோக்கி எம்பியபோது எதிரணிப் பெண்ணின் கை அவள் முன்கையில் பட்டது. ஊதல். யாரும் தடுக்காமல் இருமுறை கூடையில் எறியும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது. இதனை ‘ஃப்ரீ த்ரோ’ என்பர். பின்பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் உள்ள கோட்டின் பின்னால் நின்று, பந்து கையில் வந்த ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும். கூடைப்பந்தில் மற்ற நேரமெல்லாம் ஓட்டமும் கூட்டமும். இந்த ஐந்து நொடி மட்டும் ஆட்டக்காரர் தனியே நிற்கிறார்.

முதல் பந்து வளையத்தின் விளிம்பில் மோதி வெளியே தெறித்தது. அவள் படிக்கட்டின் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். ‘முழங்கையை உள்ளே வை, முழங்காலை மடக்கு’ என்று சொற்கள் தொண்டையில் முட்டின. நான் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தேன். அவள் பந்தை இருமுறை தரையில் தட்டினாள். மூச்சை உள்ளிழுத்தாள். எறிந்தாள். பந்து பின்பலகையில் பட்டு வலைக்குள் இறங்கியது.

ஒரு புள்ளி. எங்கள் அணி 21-24 என்று தோற்றது. அதற்குப் பிறகு வேறு புள்ளி வரவில்லை. இரண்டு அணியினரும் வரிசையாக நின்று கைகுலுக்கினர். கடலைமிட்டாய் இரு அணியினருக்கும் போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழி

ஸ்கூட்டரில் அவள் என் பின்னால் அமர்ந்திருந்தாள். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. அந்த மூன்றடி ஓட்டத்தைப் பற்றியும், தவறிய முதல் எறியைப் பற்றியும் கேட்க வாய் துடித்தது. களைத்த பிள்ளையிடம் களத்திலிருந்து வீடு வரையிலும் ஆட்டத்தை மறுபடி நடத்துவது முறையன்று என்று பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே, “பசிக்கிறதா?” என்று மட்டும் கேட்டேன்.

கேட்ட மறுகணமே என் கை தானாகப் பிரேக்கை அழுத்தியது. அது என் அம்மாவின் கேள்வி. வென்றாயா, தோற்றாயா என்று கேட்காத அந்தக் கேள்வியை முப்பது ஆண்டாக நான் அக்கறையின்மை என்று எண்ணியிருந்தேன். அன்று அந்தத் தெருவோரத்தில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

“என்ன அம்மா, நிறுத்திவிட்டாய்?” என்றாள் மகள். பிறகு அவளே, “நீ இன்று ஒரு சொல்கூடப் பேசவில்லை. கோபமா?” என்று கேட்டாள்.

“நீதானே தமிழில் கூப்பிடாதே என்றாய்? தோழியர் முன் தமிழ் பேசினால் உனக்கு வெட்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.”

“வெட்கமா? எதற்கு வெட்கம்? ‘கண்ணு’ என்றால் என்ன என்று கேட்டு, இப்போது எல்லாரும் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள்!” என்று வியந்தாள். பின்பு சற்று யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“ஆடும்போது எல்லாரும் கத்துகிறார்கள் அம்மா. அது எனக்கு இரைச்சலாகத்தான் கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்று காதில் ஏறாது. நீ தமிழில் கூப்பிட்டால் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கிறது. வீட்டில் கூப்பிடுவது போலவே கேட்கிறது. என்னை அறியாமல் தலை உன் பக்கம் திரும்பிவிடுகிறது. பந்து போய்விடுகிறது.”

நான் பேச்சற்று நின்றேன். தாய்மொழியைப் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன்; தேர்வுத்தாளில் வினா அமைத்திருக்கிறேன். ஆயிரம் குரல்களுக்கு நடுவே ஒரு பிள்ளையின் தலையைத் திருப்பிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தெருவோரத்தில் வைத்து எனக்குக் கற்பித்தாள். முந்தைய இரவு நாக்கின் நுனிவரை வந்த கடுஞ்சொல்லைச் சொல்லியிருந்தால், இந்த விடையை நான் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன்.

“அப்படியானால் இனி நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன்.

“தொடங்குவதற்கு முன்னால் சொல். முடிந்த பின்னால் சொல். நடுவில் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

வீட்டுக்கு வந்ததும் தோட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டு பாட்டியை அழைத்தாள். “ஒரு புள்ளி எடுத்தேன், பாட்டி” என்றாள். மறுமுனையில் பாட்டி என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. “இன்னும் இல்லை, இப்போதுதான் வந்தோம். அம்மா தோசை வார்க்கிறாள்” என்று பேத்தி சொன்ன விடை மட்டும் கேட்டது.

மாணவர்களே, உங்களில் பலர் இதுபோன்ற கோடுகளின் உள்ளே நிற்பவர்கள். விளையாட்டுத் திடலில் மட்டுமன்று; புதிய பள்ளியில், புதிய ஊரில், புதிய மொழியின் நடுவே நிற்கிறீர்கள். உங்கள் பெற்றோர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் உரக்கக் கூப்பிட்டால், அவர்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கலாம். உங்களுக்கு எது உதவும், எது இடையூறு என்பதை, என் மகள் சொன்னதுபோல் முந்தைய நாளே அவர்களிடம் அமைதியாகச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பாவம், அவர்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டா.

அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருந்தது. களத்துக்குள் இறங்குமுன் மகள் என் பக்கம் வந்து நின்றாள். தொடங்குவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டிய சொல்லுக்காகக் காத்திருந்தாள். வாரம் முழுவதும் யோசித்து வைத்திருந்த அறிவுரைகள் அனைத்தும் அப்போது தேவையற்றனவாகத் தோன்றின. நம் வீடுகளில் வாசலைத் தாண்டும் எவரிடமும் சொல்லும் அந்தச் சொல்லையே சொன்னேன்.

“போய் வா.”

“போய் வருகிறேன்” என்று கோட்டைத் தாண்டி ஓடினாள்.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்னேற்பாடு
ஊதுலை – இரும்புத் தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் பெரிய உலை
பெருமிதம் – பெருமை உணர்வு
அண்ணாந்து – தலையை மேல்நோக்கி உயர்த்தி
எம்புதல் – மேல்நோக்கிக் குதித்தல்
இரைச்சல் – பொருள் விளங்காத பேரொலி
நடவு – வயலில் நாற்று நடும் வேலை

மதிப்பீடு

அ. குறுவினா

1. கூடையின் உயரம் 10 அடியாக அமைந்தது எவ்வாறு?
2. புதிய காலணியைப் போட்டியன்று முதன்முதலாக அணியக் கூடாது என்று பயிற்சியாளர் கூறியது ஏன்?
3. “ஊதல் தண்டனை அன்று” – ஊதலின் பொருளாகக் கட்டுரையாசிரியர் கூறுவது யாது?

ஆ. சிறுவினா

1. “தமிழில் கூப்பிடாதே” என்று மகள் கூறியதைத் தாய் எவ்வாறு புரிந்துகொண்டார்? மகள் கூறிய காரணம் யாது?
2. பாட்டி கேட்ட “சாப்பிட்டாயா?”, தாய் கேட்ட “பசிக்கிறதா?” – இவ்விரு வினாக்களையும் ஒப்பிட்டு எழுதுக.

இ. சிந்தனை வினா

நாம் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று கூறாமல் ‘போய் வருகிறேன்’ என்று கூறுகிறோம். ஏன்? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

ஈ. மொழியோடு விளையாடு

உங்கள் வீட்டில் உங்களை அழைக்கும் செல்லச் சொற்கள் யாவை? உங்கள் வகுப்புத் தோழர்களின் மொழிகளில் அவற்றுக்கு இணையான சொற்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக.